படலையில் ஒரு வாச்மேன்

எங்கள் வீட்டுக்குள் வர யாருக்கும் தடையில்லை. வெளியே போவதுதான் கடினம். யாழ்ப்பாணத்திலிருந்து திருவொற்றியூருக்கு வந்தபின் நான் பார்த்த விசித்திரங்களில் இதைத்தான் முதலில் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுச் செல்வி ஒருநாள் எங்கள் வாசல் அடிபம்பில் தண்ணீர் பிடிக்க வெறுங்குடத்தோடு வந்தாள். புதிதாக வந்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. அவள் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துத் திரும்பியபோது அது எழுந்து போய் இரும்புக் கேட்டின் குறுக்கே உட்கார்ந்தது. குரைக்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

"இன்னாக்கா இது! வர சொல்ல கம்முனு கெடந்துச்சு, போவ சொல்ல வுடமாட்டேங்குது!"

என் மனைவி வசந்தி ஜன்னலில் நின்று, "அது ஒண்டும் செய்யாது அக்கா, பயப்பிடாமல் போங்கோ" என்றாள்.

"எங்க போறது? வயிய மறிச்சிக்கினு மாடு மாதிரி குந்திக்கினு கீது!"

செல்வி குடத்தைக் கீழே வைத்தாள். நாய் உடனே விலகி வழிவிட்டது. வெறுங்கையோடு தெருவுக்குப் போய்ச் சேர்ந்த செல்வி, அங்கிருந்தே கத்தினாள்: "தண்ணிய வுட்டா ஆள வுடுதுக்கா! ரேஷன் கடைல கூட இவ்ளோ உசாரு இல்ல!"

எங்கள் ஊர் நாய்கள் வருகிறவரைப் பார்த்துக் குரைக்கும், போகிறவரைப் பார்த்து வாலாட்டும். அந்த நினைப்பில்தான் நானும் வசந்தியும் ஒரு சின்ன நாய் கேட்டு, மாதவரத்தில் கைவிடப்பட்ட பிராணிகளை வைத்துக் காப்பாற்றும் இடத்துக்குப் போனோம். கூண்டுகளின் கடைசியில் ஒரு ராட்வைலர் நின்றது. கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, வெட்டப்பட்ட வால், அண்டா அளவு தலை. சாத்தாங்காட்டில் ஏதோ ஓர் இரும்பு யார்டை மூடியவர்கள் அதைச் சங்கிலியோடு விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதன் உருவத்தைப் பார்த்துப் பயந்து யாரும் அதை வளர்க்கக் கேட்கவில்லை. வசந்தி கிட்டப் போனதும் அது தன் முழுப்பாரத்தையும் அவள் காலில் சாய்த்து நின்றது. அவள் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்ளோதாம்மா," என்றார் அங்கே வேலை செய்பவர். "அது சாஞ்சிடுச்சின்னா முடிஞ்சிது. இனிமே அது உங்க ஆளு."

அதற்கு அங்கே டைகர் என்று பெயர். எங்கள் தெரு ஒரே வாரத்தில் வாச்மேன் என்று மாற்றிவிட்டது. அந்தப் பெயரில் அன்பைவிடப் புகார்தான் அதிகம். ஏனென்றால் வசந்தி, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாதவள். ஊரில் வீட்டுக்கு வந்தவர் கையில் நாலு முருங்கைக்காயாவது போகும். இங்கே முருங்கை இல்லாததால் பயத்தம் பணியாரத்தைப் பொதிந்து கொடுப்பாள். ஆகவே வருகிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றோடு கிளம்பினார்கள், ஒவ்வொருவரும் கேட்டில் மாட்டிக்கொண்டார்கள்.

கடைசியில் வீட்டுக்காரர் காதர் பாய் வந்தார். இலங்கைக்காரர் என்றதும் வீடு இல்லை என்று கையை விரித்தவர்களைத் தாண்டி, விசாவைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தவர் அவர். இந்த வீடு போனால் இன்னொன்று கிடைப்பது கடினம். இந்த நாய் போனால் அதற்கு இன்னொரு வீடு கிடைப்பது அதைவிடக் கடினம்.

"தம்பி, நாய் எங்களுக்குத் தோதுப்படாது, அது கெடக்கட்டும்," என்றார் பாய், நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி. "தெருவே பேஜாராகீது. நாயா, வூடா? நீயே சொல்லு."

பதிலுக்குப் பழக்கதோஷத்தில் வசந்தி பணியாரப் பொதியை அவர் கையில் வைத்துவிட்டாள். பாய் எழுந்தார். நாயும் எழுந்து போய்க் கேட்டின் குறுக்கே உட்கார்ந்தது. தொழுகைக்குப் போகிற நேரம். மேலே பட்டுவிடக் கூடாதே என்று அவர் கைலியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மறிக்கும்போது நாய் யாரையும் தொடுவதில்லை, எட்டியே இருக்கும்.

"தம்பி, நான்தான் ஓனர்னு அதாண்ட சொல்லுப்பா!"

நான் அவரிடம் ஓடினேன். இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், கட்டிவைக்கிறேன், பழக்குகிறேன் என்று கெஞ்சிக்கொண்டே அவரோடு கேட்வரை நடந்தேன். நாய் எழுந்து விலகியது.

இருவரும் நின்றுவிட்டோம். பாய் திரும்பிப் போய், பொதியோடு தனியாக நடந்து வந்தார். நாய் உட்கார்ந்தது. நான் சேர்ந்து வந்தேன். நாய் எழுந்தது. பழைய இரும்பு வியாபாரத்தில் பாதி ஆயுளைக் கழித்த பாய், நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடப்பாவி! யார்டுல இதான்யா நடக்கும். உள்ள எவன் வேணா வருவான். வெளிய போவ சொல்ல மேஸ்திரி கூடவே வந்து கேட்ல வுட்டாத்தான் சரக்கு போவும். இவன் இன்னும் டூட்டில கீறான்!"

கேட்டைத் தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தார். "டூட்டில கீறவன எப்டிப்பா வெளிய தள்றது? இருக்கட்டும்."

ஊரில் பத்திரிகைக்குச் செய்தி எழுதிப் பிழைத்த என் கண்ணில் இது படாமல் போனது எப்படி? காலையில் என் சாப்பாட்டுப் பையை வசந்தி கேட்டில் வந்துதான் தருவாள். அதனால்தான் எங்களை அது மறித்ததே இல்லை.

யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசல் கேட்டைப் படலை என்போம். வந்தவரைப் படலைவரை கூடப்போய் வழியனுப்புவது அங்கே வழக்கம். உள்ளே கால்மணி நேரம் இருந்தவர் படலையில் அரைமணி நேரம் நின்று கதைப்பார். இங்கே வந்தபின் அதை விட்டுவிட்டோம். தெருவில் எங்கள் பேச்சு அதிகம் கேட்க வேண்டாம் என்ற கூச்சம். கதவிலேயே விடைகொடுத்துத் தாழ்போட்டுவிடுவோம். வாச்மேன் அதற்கு இடம்கொடுக்கவில்லை. குடத்தோடு செல்வி கிளம்பினால் வசந்தி கேட்வரை போயாக வேண்டும். போனவள் சும்மா வருவாளா? எந்தக் கம்பெனியில் ஆட்குறைப்பு, தண்ணீர் லாரி எப்போது, யார் வீட்டில் கல்யாணப் பேச்சு என்று அத்தனையும் கேட்டில் நின்றே அறிந்தாள். போன வாரம் என்னைப் பார்த்து, "இஞ்சேருங்கோ, இண்டைக்கு லாரி வராதாம், பேஜார்" என்றாள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்ததும் ஒருமுறை போய் எங்கள் பழைய வீட்டைப் பார்த்து வரலாம் என்று முடிவு செய்தோம். சுவர் இருக்கிறது, படலை இல்லை என்று அண்ணன் தொலைபேசியில் சொல்லியிருந்தான். அந்த வீட்டைவிட்டு நாங்கள் புறப்பட்ட அன்று வழியனுப்ப ஒருவரும் இருக்கவில்லை. ஊரே எங்களோடு நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் இல்லாத நாட்களில் நாய்க்குச் சோறு வைக்கச் செல்வி ஒப்புக்கொண்டாள். கிளம்பும் காலையில் இருவரும் பெட்டிகளோடு வாசலுக்கு வந்தோம். வாச்மேன் கேட்டின் குறுக்கே உட்கார்ந்தது. வசந்தி பெட்டியை வைத்துவிட்டு என்னோடு நடந்து பார்த்தாள், நான் அவளோடு நடந்து பார்த்தேன். அது அசையவில்லை. இருவருமே போகிறவர்கள் என்று அதற்குத் தெரிந்திருந்தது. தெருமுனையில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

சோற்றுப் பாத்திரத்தோடு அடிபம்படியில் நின்ற செல்வி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "நவுரு வாத்யாரே, நம்ம ஆளுங்கதான்" என்று நாயிடம் சொல்லிவிட்டு, என் பெட்டியில் ஒரு கையை வைத்தபடி எங்களோடு நடந்தாள்.

வாச்மேன் எழுந்து விலகியது.

வெளியே வந்து திரும்பிப் பார்த்தோம். கேட்டுக்கு உள்ளே செல்வி நின்றாள். நாய் தன் முழுப்பாரத்தையும் அவள் காலில் சாய்த்திருந்தது. அவள் ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் தெருமுனை திரும்பும்வரை மற்றக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.