வரவேண்டிய பதில்

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்ப்பவளுக்குப் பெயர் ஒட்டாத பெட்டியைக் கண்டால் ஆகாது. எது எந்த அலமாரி, எத்தனை இருக்கிறது, எப்போது காலாவதி, எல்லாம் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அந்தப் புத்தி ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு போடுமா? சபையில் சாயங்கால வேதபாட வகுப்பு நடத்தப் போகும்போதும் கையில் கட்டம் போட்ட தாள் இருக்கும். முதல் கட்டத்தில் கேள்வி. பக்கத்தில் அதற்கு எத்தனை நிமிஷம். அதற்குப் பக்கத்தில், வரவேண்டிய பதில். அந்தப் பதில் வந்ததும் பேனாவால் ஒரு டிக். வராவிட்டால் வரும்வரை விடமாட்டாள். இப்படியே ஆளுக்குப் பெயர் கட்டம் டீச்சர் என்றாகிவிட்டது.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் சபையில்தான் நடந்தது. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சபைக்குள் வந்ததெல்லாம் யார் கல்யாணத்துக்காவது, யாரை அடக்கம் பண்ணவாவதுதான். சண்டையெல்லாம் இல்லை. ஞாயிறுதோறும் அவரே பைக்கில் கொண்டுவந்து விடுவார், வகுப்பு முடியும்வரை வாசலில் பைக் மேலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார், திரும்பக் கூட்டிப்போவார். “உள்ளேதான் வாங்களேன்” என்றால், “பைக்குக்கு யார் துணை?” என்பார். கேலி பேசுவாரே தவிர பிடிகொடுக்க மாட்டார். அவளும் சளைக்காமல் தினம் அவருக்காக ஜெபம் பண்ணுவாள். இந்த மனுஷன் ஒரு நாள் தானாக உள்ளே வந்து உட்கார வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான்.

வந்தாரே! ஒரு ஞாயிறு மழை கொட்டியது, வேறு வழியில்லாமல் வகுப்புக்குள் வந்து கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். மழை நின்ற பிறகும் எழுந்து போகவில்லை. அடுத்த வாரம் மழையே இல்லை, அப்போதும் வந்தார். கட்டம் டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே காட்டிக்கொண்டால் கலைந்துவிடுமோ என்று மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயம் பார்த்துப் போதகர் ஒரு வேலை கொடுத்தார். வகுப்பில் இப்போது எல்லா விதமான ஆளும் கலந்து உட்காருகிறார்கள். சபையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணையாக வந்து மாட்டிக்கொண்டவர்கள். “எல்லாருக்கும் ஒரே பாடம் ஒத்துவரலம்மா. மூணு விதமா நடத்திப் பாருங்க. எது தேறுதோ அதையே வர்ற வருஷம் எல்லா வகுப்புக்கும் வச்சுக்கலாம்” என்றார். கடைசி வாரம் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

முதல் வாரம் அவளுடைய பழைய கட்டமுறை. முன்வரிசையில் ரிட்டயர்டு ரயில் கார்டு ஒருவர் உண்டு. கேள்வி பாதி வாயில் இருக்கும்போதே கொடி காட்டிவிடுவார்: “ஜெபம்!” எந்தக் கேள்விக்கும் அதே பதில்தான். மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாலும் அதையே சொல்வார் போல. அநியாயம் என்னவென்றால், பாதிக் கேள்விக்கு வரவேண்டிய பதிலும் அதுதான். டிக் டிக் என்று விழுந்தது. புதிதாக வந்தவர்கள் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் இரண்டு நிமிஷம் முன்னதாகவே முடிந்தது, அதில் டீச்சருக்குப் பரம திருப்தி.

இரண்டாவது வாரம் ஆட்களைப் பிரித்தாள். தெரிந்தவர்கள் ஜன்னல் பக்கம், தெரியாதவர்கள் சுவர்ப் பக்கம், ஆளுக்கொரு தாள். தெரிந்தவர்கள் ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டுச் சபைக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். சுவர்ப் பக்கத்தில் கார்டின் மருமகள் எழுந்து நின்றாள். கல்யாணமாகி நாலு மாதம்தான், வேறு மதத்திலிருந்து வந்த பெண். “நாங்க என்ன டீச்சர், ஃபெயிலானவங்களா?” என்று கேட்டாள். கதவோரம் ஸ்டூலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. யார் சிரித்தது என்று டீச்சர் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டாள்.

மூன்றாவது விதம், வேறொரு சபையில் ஒரு டெய்லரம்மா நடத்துவது. அதைப் பார்க்கப் போனபோது வீட்டுக்காரரும் கூடவே உள்ளே வந்தார். டெய்லரம்மா கையில் தாளே இல்லை. ஒரு கதையை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, “இந்த இடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அரை நிமிஷம் போனது, ஒரு நிமிஷம் போனது. கட்டம் டீச்சருக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஜனங்கள் பேசினார்கள். ஒரு பால்காரர் பேசினார், ஒரு நர்ஸ் அழுதாள். வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கில் அவர், “இந்தம்மா பரவால்லையே” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வருவது லேசில் நடக்கிற காரியமா?

இதுதான் முறை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். ஆனால் கையில் தாள் இல்லாமல் ஜனங்களுக்கு முன்னால் நிற்பதா? தலைகீழாக நின்றாலும் அது அவளால் ஆகாது. ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, டெய்லரம்மாவின் முறைக்கும் கட்டம் போட்டாள். புயலில் மாட்டிய படகில் சீஷர்கள் பயந்துபோய், தூங்கும் இயேசுவைக் கூப்பிட்டு எழுப்பும் கதை. எங்கே நிறுத்துவது, எத்தனை விநாடி சும்மா இருப்பது, எல்லாம் எழுதினாள். போதாததற்கு நாலாவதாக ஒரு கட்டம் வேறு: யார் என்ன சொல்வார்.

வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடிக்கொண்டு மேஜைப் பக்கம் வந்தார். தாளின் மேல்தான் கண்ணாடி இருந்தது. எடுத்து மாட்டினார், மாட்டியதும் கண் தாளில் விழுந்தது. கடைசிக் கேள்வி: ‘பயம் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?’ நாலாவது கட்டத்தில் அவள் கையெழுத்து: ‘இவர் – யாரையும் இல்லை என்பார். உடனே கதையின் முடிவைச் சொல்லவும்.’

“அடேயப்பா, எனக்கும் எழுதியாச்சா!” என்றார்.

“அது சும்மா ஒரு குறிப்புக்குங்க...”

“நான் இல்லாமலே என் பதில் ரெடி. அப்புறம் நான் எதுக்கு அங்க?” என்றார். கேலி மாதிரிதான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரலில் கேலி இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். அவள் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் பாத்திரம் கழுவப் போனாள்.

மறுநாள் அவர் வழக்கம்போலக் கொண்டுவந்து விட்டார். இறங்கினாள். அவர் இறங்கவில்லை. பேப்பரை விரித்தார்.

உள்ளே போதகர் பின்வரிசையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். டீச்சர் கதை சொன்னாள், குறித்த இடத்தில் நிறுத்தினாள். கதவோரம் காலி ஸ்டூல் கண்ணை உறுத்தியது. கடைசிக் கேள்வியும் வந்தது.

“பயம் வந்தா யாரைக் கூப்பிடுவீங்க?”

“ஜெபம்!” என்றார் கார்டு.

“மாமா, யாரைன்னு கேக்குறாங்க” என்றாள் மருமகள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் டீச்சரைப் பார்த்து, “எனக்கு இன்னும் அம்மான்னுதான் வருது டீச்சர். பொய் சொல்லத் தெரியல. உங்க வீட்டுக்காரர் யாரைக் கூப்பிடுவார்? அவரும் எங்க கட்சிதானே?” என்று கேட்டாள். குத்தலாக ஒன்றும் கேட்கவில்லை, தன்னைப் போல இன்னொருவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

பதில் தாளில் இருக்கிறது. படித்தால் போதும். டீச்சர் தாளைப் பார்த்தாள், வாய் வரவில்லை. இது தானாக எழுதிவைத்தது, அவர் சொன்னதல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. பதினைந்து பேருக்கும் போதகருக்கும் முன்னால், “எனக்குத் தெரியாதும்மா” என்றாள். தாளை மேஜைமேல் வைத்தாள். “ஒரு நிமிஷம் இருங்க, கேட்டுட்டு வந்துடறேன்” என்று வாசலுக்குப் போனாள்.

அவர் பேப்பருக்கு மேலாகப் பார்த்தார். “அதுக்குள்ள முடிஞ்சுதா?”

“ஏங்க, பயம் வந்தா யாரைக் கூப்பிடுவீங்க?”

“எழுதிவச்சிருக்கியே.”

“அது தப்பு. நான் உங்களைக் கேட்டதே இல்லை. இப்பக் கேக்குறேன்.”

அவர் பேப்பரை மடித்தார். கொஞ்ச நேரம் அதை இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தார். “லிஃப்ட் கூண்டு மேல ஏறி நிக்கிறப்ப, கம்பியில கை வைக்கிறதுக்கு முன்னாடி, பார்த்துக்கோன்னு சொல்லுவேன். யார்கிட்டன்னு கேக்காத, எனக்குத் தெரியாது. சொல்லுவேன், அவ்வளவுதான்.”

“எப்பலருந்து?”

“வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்லருந்து.”

“அவ்வளவு பயமாங்க?”

“பின்ன? கீழே பார்த்தா ஒரே இருட்டு. போகப் போகப் பழகிடும்னாங்க. பழகல.”

யாரிடம் என்பதற்கு அவள் வாயில் பதில் தயாராக இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்ததே அந்தப் பதிலைச் சொல்வதற்குத்தான். ஆனால் அது வெளியே வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் தினமும் காலையில் இந்த மனுஷன் பயந்துகொண்டே செருப்பு மாட்டியிருக்கிறார். இவர் ஆத்துமாவுக்காக முழங்கால் தேய ஜெபம் பண்ணியவள், வேலையில் பயமாக இருக்குமா என்று ஒரு நாள் கேட்டதில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

“ஏங்க என்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கலையே” என்றார். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

வாசல்படிக்குப் போதகர் வந்துவிட்டார். “அம்மா, எல்லாரும் காத்திருக்காங்க.”

“நீங்களே முடிச்சுடுங்க அய்யா” என்றாள், திரும்பாமலே. பைக்கின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவர் கிளப்பவில்லை, அவளும் கிளப்பச் சொல்லவில்லை.

“நாளைக்கு எத்தனை மாடி?” என்று கேட்டாள்.

“பதினெட்டு” என்றார்.