ஓடைத் தண்ணீர் ஒரு டம்ளர்

கொடைக்கானலில் அந்த ஓட்டல் இருந்த இடத்தைக் கடக்கும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஏரியைப் பார்த்தாற்போல் மேட்டில் இருந்தது ஓட்டல். அதற்கு நேர் கீழே, சரிவில், எங்கள் வீடும் இன்னும் சில தகரக்கூரை வீடுகளும். அப்பாவுக்கு அந்த ஓட்டலில் சாப்பாடு பரிமாறும் வேலை. அவருடைய வெள்ளைக் கோட்டை அம்மாதான் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பாள்.

வீட்டையொட்டி ஓடிய ஓடையில்தான் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் எடுத்தோம். நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், ஓட்டலில் அறைக்கு அறை கக்கூஸ் கட்டினார்கள். சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும். எல்லாம் போய்ச் சேர ஒரு தொட்டியும் கட்டியிருந்தார்கள். சீசன் கூட்டத்துக்கு அது தாங்கவில்லை; நிரம்பி வழிந்தது. இன்னொரு தொட்டி கட்ட மனம் வராமல், ஒரு குழாயைப் போட்டு ஓடையில் இறக்கிவிட்டார்கள். குழாயைப் புதர் மறைத்துக்கொண்டது. ஊர் பார்க்க வந்த துரைமார் மூக்குக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் தண்ணீரில் சோப்பு நுரை வந்தது. பிறகு வாடை. அம்மா பழைய சேலையை நாலாக மடித்து வடிகட்டினாள். அதற்குப் பிறகு தம்பி காய்ச்சலில் விழுந்தான். டைபாய்டு என்று சொன்ன டாக்டரம்மா, எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அம்மா, தம்பியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அத்தையிடம் விட்டுவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு நேரே ஓடைக்கு வந்தாள். ஒரு செம்பில் தண்ணீரை மொண்டாள். ஓட்டலுக்கு ஏறினாள். வேலைக்காரர்கள் போகும் பின்வாசல் வழியாக அல்ல, முன்வாசல் வழியாக.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஓடிவந்த மேனேஜரின் முன்னால் மேசையில் செம்பை வைத்தாள்.

"ஒரு வாய் குடிங்கய்யா. குடிச்சுட்டு நல்லாருக்குன்னு சொல்லுங்க, நான் பேசாமப் போயிடுறேன்."

மேனேஜர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு, தட்டோடு நின்ற அப்பாவைக் கூப்பிட்டார்.

"உன் சம்சாரம்தானே? தண்ணியில ஒண்ணும் இல்லேன்னு நீயே சொல்லுப்பா."

அப்பா தட்டைக் கீழே வைத்தார். விருந்தாளிகளுக்கு ஊற்றுவதுபோலவே, ஒரு சொட்டுச் சிந்தாமல் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, முழுவதையும் குடித்தார். நல்லாத்தான் இருக்குங்க என்றார்.

அம்மா சத்தம் போடவில்லை.

"புள்ள கெடக்குற கெடையைப் பாத்துட்டு வந்துமா அதைக் குடிச்சீங்க?"

தம்பி பிழைத்துக்கொண்டான், ஆனால் ஒரு காது போய்விட்டது. சீசன் முடிந்ததும் குழாயை நீட்டி, எங்கள் வீடுகளைத் தாண்டி ஓடையில் விட்டார்கள். இனி உங்களுக்குத் தொந்தரவு இல்லை என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். எங்களுக்குக் கீழேயும் வீடுகள் இருந்தன, அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள். அம்மாதான் வீடு வீடாகப் போய் ஓடைத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் எனக்கு மறக்காதது, அம்மா செம்போடு ஓட்டலுக்கு ஏறிய அந்த நாளின் சாயங்காலம். பந்தி முடியும்வரை பரிமாறிவிட்டு வந்த அப்பா, கோட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குப் பின்னால் போய், தொண்டையில் விரலை விட்டு ஓங்கரித்தார். அவர் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றிருந்த அம்மா, அடுப்பில் தண்ணீரைக் காயவைத்தாள். பிறகு வெந்நீர் எடுத்துக்கொண்டு போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள்.

எனக்கோ அப்பாவை நினைத்து ஒரே பெருமை. அத்தனை பேர் முன்னால் பயப்படாமல் குடித்துக் காட்டியவர் அவர்தானே. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்.

"அப்பாவே குடிச்சுட்டாரு. அப்ப அது நல்ல தண்ணிதானம்மா?"

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை.