ஒரு சொட்டும் குறையாத சிவப்பு டேங்க்

பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஓர் எண் சரியாக வரவில்லை என்றால் மறுபடி அளப்பேன், அப்போதும் சரியில்லை என்றால் அளக்கும் கருவியைச் சந்தேகப்படுவேன், அதற்கு மேல் எதையும் சந்தேகப்பட்டதில்லை. என் அக்கா தன் வீட்டு மாடிப்படியில் யாரோ நடக்கிறார்கள் என்று அழுதபோது, கரையான் இருக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்பச் சொன்னவள் நான். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

என் கணவர் சேகருக்கு ஒரு சிறிய சம்பான் படகு உண்டு. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது, பின்னால் மாட்டும் எட்டுக் குதிரைச் சக்தி எஞ்சினோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெலுத்தோங் கரையிலிருந்து மீன் பிடிக்கப் போவார். எங்கள் மகன் கவின் பிறந்தபோது, இனிமேல் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சண்டை போடாமல் படகைக் கவிழ்த்து வைத்தார், எஞ்சினைச் சாக்கில் சுற்றிக் கரையோரக் கொட்டகையில் தொங்கவிட்டார். ஆறு வருடம் அப்படியே இருந்தது. போன பள்ளி விடுமுறையில், மகன் அழுது கேட்டதில் நான் இறங்கிவந்தேன். சரி என்று சொன்ன மறுநிமிடமே ஏன் சொன்னோம் என்று இருந்தது, அது என் வழக்கம்.

ஆறு வருடம் கிடந்த எஞ்சினில் முதலில் கெட்டுப்போவது பெட்ரோல் போகும் வழிதான். எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது. கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே பழைய பெட்ரோல் வற்றி, அடிப்பிடித்த வெல்லப்பாகு மாதிரி ஒட்டியிருந்தது. ஊசித்துளை போன்ற சின்னச் சின்ன ஓட்டைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. குழாய் விறைத்துவிட்டது. டேங்கிலிருந்து பெட்ரோலை ஏற்றக் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை தொட்டதும் வெடித்தது. சேகர் ஒரு வாரம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், குழாய், உருண்டை, வடிகட்டி எல்லாம் புதிதாகப் போட்டார். ஒரு புது சிவப்பு டேங்க் வாங்கி, பெட்ரோலில் எஞ்சின் எண்ணெய் கலந்து நிரப்பி, மூடியில் துணி கட்டிக் கொட்டகைப் பெஞ்சுக்கு அடியில் நிழலில் வைத்தார்.

பழைய டேங்க்கைக் கழுவுவது என் வேலை. அதுவும் சிவப்புதான். அதன் நாற்றம் பட்டுக் கவினுக்குத் தலைவலி வந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பாத்திரம் கழுவும் எலுமிச்சை சோப்பை அதில் ஊற்றிக் குலுக்கி, மிச்சமிருக்கும் ஆவியும் வெளியே போகட்டும் என்று கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கிக் கொட்டகை வாசலில் வெயிலில் வைத்தேன். ஏதோ ஒரு வீடியோவில் அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் படகைத் தண்ணீரில் இறக்கி எஞ்சினை மாட்டியாகிவிட்டது, ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி. பக்கத்துப் படகுக்காரர் ரஹிம், பள்ளிவாசலுக்குக் கிளம்பும் முன், “உங்க போட் ரெடியாகுற வரைக்கும் பையன என் போட்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ லா” என்று சேகரிடம் மலாயில் சொல்லிவிட்டுப் போனார். பதினைந்தே நிமிடம் என்றார் சேகர். மகனுக்கு மிதவைச் சட்டையை நான் மாட்டினேன், பட்டைகளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன், அனுப்பினேன்.

அரைமணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

“சுபா, பயப்படாத.”

அவர் அப்படி ஆரம்பித்தால் நான் எப்படிப் பயப்படாமல் இருப்பது. எஞ்சின் விசிறியில் யாரோ வீசிய வலை சுற்றி, உள்ளே ஏதோ முறிந்துவிட்டதாம். நீரோட்டம் படகைக் கடல் பாலத்துத் தூண்களை நோக்கி இழுக்கிறதாம். நங்கூரம் போட்டார், சேற்றில் பிடிக்காமல் இழுபடுகிறதாம். பின்னால் கவின் பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

“யாரையாச்சும் அனுப்பு. சீக்கிரம்.”

யாரை அனுப்புவது? வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரம், கரையில் படகுக்காரர் ஒருவரும் இல்லை. எல்லோருடைய படகுகளும் வரிசையாகக் கட்டிக்கிடந்தன, ஆனால் திருட்டுக்குப் பயந்து டேங்க்கையும் சாவியையும் கையோடு எடுத்துப் போவது அங்கே வழக்கம். கடல் போலீசுக்கு அழைத்தேன், உடனே கிளம்புகிறோம், ஆனால் தூரத்தில் இருக்கிறோம் என்றார்கள். கரையில் இருந்தது நானும், தேநீர் போடும் தண்ணீர்க்கடை முத்து அண்ணனும்தான். அவர் பல வருடம் கடலுக்குப் போனவர். நான் ஓடிப்போய்ச் சொன்னதும் கொதிக்கிற பானையை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

“உங்க எஞ்சின் ஓடுமா தங்கச்சி?”

“தெரியல அண்ணே. இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல.”

“டேங்க் எங்க?”

நான் கை காட்டினேன். அவர் தூக்கிக்கொண்டு ஓடினார். “நல்லா கனமா இருக்கு, போதும்” என்றார். நானும் படகில் ஏறினேன். அதற்கு முன் என் வாழ்நாளில் அந்தச் சம்பானில் நான் கால் வைத்ததில்லை.

குழாயை மாட்டினார். உருண்டையை அமுக்கச் சொன்னார். அது கல் மாதிரி இறுகும்வரை அமுக்கினேன். கயிற்றை ஒருமுறை இழுத்தார், ஒன்றும் இல்லை. இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த மாதிரிச் சின்ன எஞ்சின்கள் இருமும், உதறும், நீலப் புகை கக்கும், பெட்ரோல் நாற்றம் தலையைச் சுற்றும். இது தையல் இயந்திரம் மாதிரி ஒரே சீராக ஓடியது. பலகையில் அதிர்வு இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன், புகை இல்லை. தண்ணீரின் மேல் வழக்கமாக மிதக்கும் எண்ணெய்ப் படலம்கூட இல்லை. நாங்கள் போன வழி வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

“மாப்ள நல்லாத்தான் கழுவியிருக்காரு,” என்றார் முத்து அண்ணன். “புதுசுகூட இப்படி ஓடாது.”

நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், நான் சாமி கும்பிடவில்லை. தண்ணீர்மலை முருகனை நினைத்திருக்கலாம், யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை. கவினுக்குப் பிஸ்கட் கொடுத்து அனுப்பவில்லையே என்ற ஒரே நினைப்புதான் திரும்பத் திரும்ப ஓடியது.

பாலம் அவ்வளவு பெரியது என்று காரில் போகும்போது தெரியாது. கீழே போனால் ஒவ்வொரு தூணும் ஒரு அடுக்குமாடி மாதிரி நிற்கிறது, நீரோட்டம் அதில் மோதிச் சுழிக்கிற சத்தம் தனியாகக் கேட்கிறது. சேகர் ஒற்றைத் துடுப்பால் போராடிக்கொண்டிருந்தார். தூணுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பஸ் நிறுத்துகிற தூரம்கூட இல்லை. முத்து அண்ணன் வீசிய கயிறு முதலில் தவறியது, இரண்டாவது முறை சேகர் பிடித்தார்.

“என்ன மாப்ள, வெள்ளிக்கிழமை மத்தியானத்துல ஊர்கோலமா?”

“பேசாம இழுங்கண்ணே.”

கவின் என்னைப் பார்த்து எழுந்து நின்றான். “அப்பா, அம்மா போட்ல ஏறிட்டாங்க” என்றான், அதுதான் அன்றைக்கு நடந்த பெரிய அதிசயம் என்பது போல.

இரண்டு படகு, நான்கு பேர், எதிர்நீரோட்டம். எட்டுக் குதிரைச் சக்தி. ஒருமுறைகூடத் திணறாமல் அந்த எஞ்சின் எங்களைக் கரைக்குக் கொண்டுவந்தது. கடல் போலீஸ் படகு பாதி வழியில் எதிரே வந்து, எல்லோரும் பத்திரமா என்று கேட்டு, கரைவரை கூடவே வந்தது. போக வர, எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்.

கவினை இறக்கி, அவன் கைகால் எல்லாம் தடவிப் பார்த்து, திட்டி, பிஸ்கட் கொடுத்து உட்காரவைத்த பிறகுதான் சேகர் குழாயைக் கழற்றி டேங்க்கைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

“என்ன சுபா, நெறஞ்சு இருக்கு? கொஞ்சம்கூட குறையலயே.”

மூடியைத் திறந்தார். கழுத்துவரை தண்ணீர். மேலே சோப்பு நுரை. எலுமிச்சை வாசனை.

நான் கொட்டகைக்கு ஓடினேன். பெஞ்சுக்கு அடியில், மூடியில் கட்டிய துணி அவிழாமல், பெட்ரோல் டேங்க் வைத்த இடத்தில் இருந்தது. வாசலில் பழைய டேங்க் இருந்த இடத்தில் ஈரவட்டம் மட்டும் இருந்தது. பதற்றத்தில் நான் கை காட்டியது அதைத்தான்.

முத்து அண்ணன் டேங்கிலிருந்து ஒரு குவளையில் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். குச்சி அணைந்தது. இன்னொன்று போட்டார். அதுவும் அணைந்தது. பிறகு அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு, பானை அடிப்பிடித்திருக்கும் என்று கடைக்குப் போய்விட்டார். இன்றுவரை அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. நாங்கள் குடிக்கிற தேநீருக்குக் காசு மட்டும் வாங்க மாட்டேன் என்கிறார்.

சேகர் மறுபடி குழாயை அதே டேங்கில் மாட்டிக் கயிற்றை இழுத்தார். முப்பது நாற்பது தடவை இழுத்திருப்பார், உள்ளங்கை தோல் உரிந்தது. எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை.

மறுநாள் சீன மெக்கானிக் ஒருவரை வரவழைத்தோம். கார்புரேட்டரைத் திறந்தார். அடிக்கிண்ணம் நிறையத் தண்ணீர், அதிலும் நுரை. எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்டார். முக்கால் மணி என்றோம். அவர் சிரித்தார், “மானா போலே லா, எப்படி முடியும்” என்றார். குழாயில் பழைய பெட்ரோல் தங்கியிருந்தால் ஒரு நிமிடம் ஓடும், இரண்டு நிமிடம் ஓடும் என்றார். குழாய் புதுசு என்றார் சேகர், கழுவிய பிறகு கார்புரேட்டரில் பெட்ரோலே போனதில்லை. அப்புறம் அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, பெட்ரோல் டேங்க்கை மாட்டினார், எஞ்சின் பிடித்தது. இருமியது, உதறியது, கரை முழுக்க நீலப் புகை. அன்றிலிருந்து எல்லா எஞ்சினையும் போலத்தான் ஓடுகிறது.

நான் எல்லாக் கோணத்திலும் யோசித்துவிட்டேன். டேங்கில் பாதி பெட்ரோல் இருந்ததா? நானே கழுவியது, மூன்று முறை. கரைக்கு வந்தபின் யாராவது மாற்றினார்களா? டேங்க்கைத் தூக்கியது சேகர், நான் பக்கத்தில் நின்றேன். நீரோட்டமே தள்ளியிருக்குமா? நாங்கள் வந்தது அதற்கு எதிராக. மாமியார், தன் வெள்ளிக்கிழமை விரதத்தின் பலன் என்கிறார். அப்படியே இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பயம் வருவதில்லை, கோயில் கர்ப்பக்கிரகத்துக்கு முன் நிற்கும்போது வாய் தானாக அடைத்துக்கொள்ளுமே, அதுதான் வருகிறது.

ஆனால் ஒன்று. அந்த வாரம் சாப்பிடும்போது சேகர், என்னிடம் சொல்வது போலக்கூட இல்லாமல், “எஞ்சின் ஓடுனா ஏதாச்சும் எரிஞ்சிருக்கணும் சுபா” என்றார். “டேங்க்ல ஒரு சொட்டுகூட குறையல. அப்ப எரிஞ்சது என்ன?”

பிறகு அவர் அதைச் சொன்னதில்லை, சொன்னது ஞாபகம் இல்லை என்றுகூடச் சொல்கிறார். எனக்குத்தான் அது மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் நால்வரில் யாரிடமிருந்தோ ஏதோ ஒன்று அன்று செலவாகியிருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது, அது என்னவென்று தெரிந்தால்கூட நிம்மதியாக இருக்கும். மகனை மாதாமாதம் எடை போடுகிறேன். உயரம் அளக்கிறேன். பழைய விஷயங்களை எல்லாம் கேட்டுப் பார்க்கிறேன், எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறான். ஒன்றும் குறையவில்லை. சாயங்காலம் குளிப்பாட்டித் துவட்டும்போது விரல்களை எண்ணுவேன், மறைத்துத்தான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். நேற்று அவனே இரண்டு கைகளையும் விரித்து என் முன்னால் நீட்டினான்.

“எல்லாம் இருக்கும்மா,” என்றான். “நீ தேடுறது இங்க இல்ல.”

நான் என்ன தேடுகிறேன் என்று அவனிடம் நான் சொன்னதே இல்லை.