நெடி வராத வத்தல்

வத்தல் கருகினால் இருமல் வர வேண்டும். அன்று எனக்கு வரவில்லை. ஜெர்மனியில் எங்கள் நாலாவது மாடிச் சமையலறையில், மின்னடுப்பின் ஒரு பக்கம் முட்டைப் பொடிமாஸ் கிளறிக்கொண்டும், மறுபக்கம் பழைய வாணலியில் மிளகாய் வத்தலும் கல்லுப்பும் போட்டுக்கொண்டும் நின்றேன். பொடிமாஸ் என் காலைச் சாப்பாடு. வத்தல், மகளுக்குத் திருஷ்டி கழிக்க. முந்தின வாரம் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். எனக்கும் கணவருக்கும் விட்டுவிட்டது. ஒரு வயதுகூட ஆகாத பிள்ளை மட்டும் சாப்பிடாமல் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். கணவர் வேலைக்குப் போனதும் எங்கள் ஊரான முக்கூடலில் இருக்கும் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"ஏட்டி, பிள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கு. வத்தலச் சுத்தி அடுப்புல போடு" என்றாள்.

போட்டேன். வத்தல் கறுத்துப் புகைந்தது, நெடி இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நெடி வந்தால் கண் படவில்லை. வராவிட்டால், பட்டது பொல்லாத கண்.

"நெடி வருதாட்டி?"

"கொஞ்சங்கூட வரலம்மா."

"அப்போ பெரிய கண்ணுல்லா! இன்னும் நாலு போடு. பயப்படாத."

அம்மா பயப்படாதே என்று சொன்னால்தான் எனக்குப் பயம் கூடும். ஒரு கைப்பிடி வத்தலை அள்ளிப் போட்டேன். உள்ளறையில் பிள்ளை இருமினாள். சளி என்று நினைத்துக்கொண்டேன்.

முக்கூடலில் எங்கள் வீட்டில் உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், வதக்கி முட்டை உடைத்து ஊற்றினால், ஆற்றுக் காற்று அதைத் தெருக்கோடிவரை கொண்டுபோய்விடும். "என்னட்டி, இன்னைக்கு முட்டையா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே போவார்கள். வாசனையை மறைக்க வேண்டும் என்று அங்கே தோன்றியதே இல்லை. இங்கே வந்த நாளிலிருந்து ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்துத்தான் தாளிக்கிறேன். இதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான்.

அன்று கதவை யாரோ இடித்தார்கள். பக்கத்து வீட்டு ஃபிராவ் கெல்லர், வயதான பெண்மணி, கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டு நின்றார். "லுஃப்டன்! லுஃப்டன்!" என்று கத்தினார். சண்டைக்குத்தான் வந்துவிட்டார், வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லப்போகிறார் என்று நினைத்து, அரைகுறை ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஜன்னல்களைப் படபடவென்று திறந்தார். லுஃப்டன் என்றால் காற்றாட விடுவதாம். பிறகு உள்ளறைக்குள் நுழைந்து, முகம் சிவந்து மூச்சுக்குத் திணறிய என் மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அடுப்பில் பொடிமாஸ் கரியாகியிருந்தது. அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நல்ல காற்றுப் பட்டதும் பிள்ளை தேறிவிட்டாள். எனக்குத்தான் மூக்கு போயிருந்தது. இந்தக் காய்ச்சலில் சிலருக்கு வாசனையோடு கார நெடியும் தெரியாமல் போகும், திரும்பி வரலாம், நாளாகலாம் என்றார், பிள்ளையைக் காட்டப் போன இடத்தில் மருத்துவர். வீட்டுக்கு வந்து மகளின் உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அப்போதுதான் அழுதேன்.

"ஊருக்கு வாட்டி. நம்ம ஆத்துத் தண்ணி பட்டாச் சரியாயிரும்" என்கிறாள் அம்மா. டிக்கெட் போடட்டுமா என்று கணவரும் கேட்கிறார். ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். இங்கே வாசம் வராததற்கு இந்த ஊர்க் குளிரைத் திட்டிக்கொள்ளலாம். முக்கூடலில் போய் இறங்கி, அங்கேயும் ஒன்றும் வராவிட்டால் யாரைத் திட்டுவது? அந்தப் பயத்தை அம்மாவிடம் சொல்ல முடியவில்லை.

தினமும் காலையில் பொடிமாஸ் செய்கிறேன். கதவிடுக்கில் இப்போது துண்டு இல்லை; ஜன்னல் திறந்தே இருக்கிறது. வத்தலைக் கிள்ளிப் போட்டு, உள்ளி வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றிவிட்டு, பக்கத்துப் பால்கனியில் நிற்கும் ஃபிராவ் கெல்லரின் முகத்தையே பார்க்கிறேன். அவர் கண்ணை மூடி மூச்சை நன்றாக இழுத்து, தலையாட்டுகிறார்.

வருகிறதாம்.