ஒரு தம்ளர் தண்ணீர்

மாயாபுரி தொழிற்பேட்டையில் என் பட்டறை லேத் அதிர ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கடைந்த ஷாஃப்டுகளின் மேல் மீன் செதில் மாதிரி வரி விழுந்தது. கம்பெனிக்காரர்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டூலை மாற்றினேன், பேரிங்கை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாகத்தான் ஒரு கோயம்புத்தூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

ஒல்லியான மனிதர். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஷாஃப்டின் மேல் அந்த நகத்தை மெதுவாக இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்தேன். அதை லேத்தின் மேல் வைத்து, மெஷினை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகும் தண்ணீரில் வளையம் அடங்கவில்லை. தரையில் வைத்தார். அங்கேயும் நடுங்கியது.

"லேத்து மேல தப்பில்லீங்க. பக்கத்துல தகடு அடிக்கிற பவர் பிரஸ் ஓடுதுங்களா?"

"மூணு பக்கமும் ஓடுது, அண்ணே."

"ஆழமாத் தோண்டி, லேத்துக்குத் தனியா கான்கிரீட் போடோணும்."

"கீழ சாக்கடை போகுது. இடத்துக்கார மாலிக் தோண்ட விடமாட்டாரு. வேற இடம் பாக்கவா?"

"பாருங்க. போறப்ப ஒரு தம்ளரையும் எடுத்துட்டுப் போங்க."

அந்தத் தண்ணீரையே நிதானமாகக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

நாராயணா, ஓக்லா, பவானா என்று எல்லாத் தொழிற்பேட்டையும் தம்ளரோடு போய்ப் பார்த்தாயிற்று. எங்கும் தண்ணீர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கீழே கொட்டிவிட்டுத்தான் வருகிறேன். அவர் மாதிரி குடிக்க எனக்கு மனசு வரவில்லை.