பொய் சொல்லக் கற்ற பிரௌசர்

அன்று கடையில் இருந்தவர்கள்: நான். என் அக்கா. அக்காவின் வீட்டுக்காரர், எனக்குப் பாவா. பாவாவின் ஆபீஸ் மேடம், காலை ரயிலில் சென்னையிலிருந்து வந்தவர். சாயங்காலம் வந்த கே.ஜி.கண்டிகை விவசாயி ஒருவர். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள்.

கடை என்றால் பிரௌசிங் சென்டர். கோயில் மலைப்படிக்குக் கீழே, நான்கு கம்ப்யூட்டர். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். நான் எட்டாவது வரை படித்தவள். எதை அழுத்தினால் எது வரும் என்று தெரியும். அது போதுமாக இருந்தது.

பாவா நான்கு வருடமாக ஆபீஸுக்காக ஒரு பிரௌசர் செய்துகொண்டிருந்தார். இன்டர்நெட் பக்கங்களைத் திறந்து காட்டுவதுதான் அதன் வேலை. பக்கத்தை இப்படித்தான் எழுத வேண்டும் என்று உலகத்துக்கே ஒரு சட்டம் இருக்கிறதாம். அதன்படி எழுதியதை மட்டும் பாவாவுடையது ஒழுங்காகக் காட்டும். எல்லோரிடமும் இருந்த பழைய பிரௌசர், எப்படிக் கிறுக்கினாலும் சமாளித்துக் காட்டிவிடும். அதனால் எல்லோரும் கிறுக்கினார்கள். பாவாவின் குடும்பம் கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். அளவு, சுத்தம், முறை. அதில் அவரை அசைக்க முடியாது.

மேடம் ஒரு பரீட்சை வைத்தார். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, வருகிறவர்களுக்குப் பாவாவின் பிரௌசர்தான். யாராவது பழையதைக் கேட்டால் நோட்டில் ஒரு கோடு. ஐந்து கோடு விழுந்தால் நான்கு வருட வேலையை மூட்டை கட்ட வேண்டியதுதான். பாவா காலையில் இட்லியைத் தொடவில்லை.

கிருத்திகை நாள். ஒரே மொட்டைத் தலைகள். மவுஸெல்லாம் சந்தனம்.

முதல் கோடு பதினொரு மணிக்கு. அரக்கோணத்துக்காரர் ஒருவர் ராசிபலன் பார்த்தார். அந்தப் பக்கத்தின் உச்சியில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். பாவாவின் பிரௌசரில் அது ஓடவில்லை.

"இன்னாம்மா, என் ராசி நின்னுபோச்சு?"

"ஓடற எழுத்து ரூல்ஸ்லயே இல்லீங்க" என்றார் பாவா.

"ரூல்ஸ் எனுக்கு எதுக்குய்யா? ராசி ஓடணும். பழசப் போடும்மா."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். விக்கல் வரும்வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு சுலபத்தில் வராது. அன்று வந்தது.

இரண்டாவது, தமிழ்ப் பத்திரிகை எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. மூன்றாவது, படத்துக்கு அடியில் பொத்தான் மாட்டிக்கொண்டது, அழுத்த முடியவில்லை. நான்காவதும் அதே. ஒவ்வொரு தடவையும் பாவா சொன்னது ஒன்றுதான்: "பக்கம் தப்பு."

"தப்பு யாருதா இருந்தா இன்னா பாவா? எழுந்து போறது கடைக்கி வந்தவங்கதானே" என்றேன்.

அன்று நான் பேசியதில் அதுதான் நீளம்.

நாலரைக்கு விவசாயி வந்தார். மகளுக்கு வரன் தேட வேண்டும் என்றார். கல்யாண வரன் பக்கத்தைத் திறந்தேன். மாப்பிள்ளை யாரும் வரவில்லை. ஒரு வரி மட்டும் வந்தது: உங்கள் பிரௌசர் இங்கே செல்லாது. அந்தப் பக்கம் முதலில் பிரௌசரின் பெயரைக் கேட்குமாம். பழைய பிரௌசரின் பெயரைச் சொன்னால்தான் உள்ளே விடுமாம்.

விவசாயிக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"இன்னும் ஜாதகமே குடுக்கலியே. அதுக்குள்ள வேணாங்கறாங்களா?"

மேடம் பேனா மூடியைக் கழற்றினார்.

"பேர மாத்திச் சொல்ல வெய்யுங்க" என்றாள் அக்கா.

பாவா நிமிர்ந்தார். "பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆங். பொண்ணு பாக்க வந்தப்ப காப்பியே குடிக்கறதில்லன்னு சொன்னது யாரு? இப்ப ஒரு நாளிக்கி ஆறு டம்ளர் ஊத்திகினு கீறேன்!"

விக்கல் திரும்ப வந்துவிட்டது அவளுக்கு.

"இதுல பொய் சொல்லாதவன் யாருங்க?" என்றார் விவசாயி. "போன வாரம் பாத்தேன். எல்லா மாப்பிள்ளைக்கும் இருபத்தேழு வயசு. ஒருத்தனுக்குத் தலயில ஒரு முடி கெடையாது."

பக்கத்து நாற்காலி மொட்டை திரும்பிப் பார்த்தார். மேடம் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டார். நோட்டு குலுங்கியது.

பாவாவின் காது சிவந்தது. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். வேட்டி நுனியால் சந்தனத்தைத் துடைத்தார். ஒரு வரி அடித்தார். இந்தப் பக்கம் கேட்டால் மட்டும் பழைய பெயரைச் சொல்லு என்று அர்த்தமாம். பிரௌசரை மூடித் திறந்தார்.

முதலில் ஒரு மீசை வந்தது. பிறகு முகம். பிறகு வரிசை வரிசையாக.

"வந்துகினு கீறாங்க!" என்று கத்தினார் விவசாயி.

பாவா எழுந்து நின்றுவிட்டார். "ராசியையும் ஓட வெச்சிடறேன்" என்றார். அதை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. "கட்டம் வராம பண்றேன். பொத்தான மேல இழுத்துடறேன்."

"அதெல்லாம் தப்பாச்சே?" என்றேன்.

"தப்பா எழுதறவன் எழுதட்டும். நாம காட்டுவோம்."

மேடம் விவசாயியிடம் நேராகக் கேட்டார். "பழைய பிரௌசர் வேணுமாங்க?"

நான் மவுஸைப் பிடித்தபடி விவசாயியைப் பார்த்தேன்.

"எது பழசு, எது புதுசு, எனுக்கின்னாம்மா தெரியும்? அந்த மூணாவது புள்ளயக் கொஞ்சம் பெருசாக் காட்டச் சொல்லு."

பெரிதாகக் காட்டினேன். ஐந்து மணி ஆனது. மேடம் பேனாவை மூடி, நோட்டை என்னிடம் கொடுத்துக் கோடுகளை எண்ணச் சொன்னார். இரண்டு தடவை எண்ணினேன்.

நான்கு.