வீடு சுற்றுகிறதா, நான் சுற்றுகிறேனா

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல்தான். நான் சொல்லச் சொல்ல என் மகள் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். நடுநடுவே "அம்மா, விஷயத்துக்கு வா" என்று அதட்டல் வேறு. விஷயமே கம்ப்யூட்டர்தான். இன்னும் கட்டாத ஒரு வீட்டை அதில் நான் சுற்றிப் பார்த்த கதை.

என் வீட்டுக்காரர் இறந்துபோன வருஷம் அது. பூனாவில், கட்கியில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். ரிட்டயர் ஆக அவருக்கு இன்னும் காலம் இருந்தது. காலையில் டீ குடித்தார், ஷூ லேஸ் கட்டக் குனிந்தார், அவ்வளவுதான். மீதி டீ டம்ளரில் ஆறிக் கிடந்தது.

நான் ரொம்பச் சிரிக்கிறவள். லைன் வீடுகளில் யார் வீட்டு விசேஷமானாலும் என் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும் என்பார்கள். இப்போது பேத்தி என்னைப் போலவே சிரிக்கிறாள். அவளைப் பார்த்து நான் சிரிக்க, என்னைப் பார்த்து அவள் சிரிக்க, மகள் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அந்த வருஷம் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தைத் தொட்டால் யாரோ ஒருத்தர் கன்னத்தைத் தொட்டதுபோல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

எங்கள் பக்கத்தில் கோயிலில், கல்யாணத்தில் எல்லாம் வலமாகச் சுற்றுவோம். சாவு என்றால் இடம். வாய்க்கரிசி போட அவரை இடமாகச் சுற்றி வந்தேன். கால் நடக்கிறதே தெரியவில்லை. நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், அவர்தான் பாயோடு மெதுவாகச் சுற்றுகிறார் என்று இருந்தது. யாரோ தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் எனக்கு அவர் நிற்கவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மகளுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பிம்ப்ரியில் ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்திருந்தாள். பில்டர்கள் கட்டப்போகும் வீட்டைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கட்டிக் காட்டுவது அவள் வேலை. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. நிரந்தரம் ஆகிவிட்டால் வாடகைக்கு வீடு பிடித்து இங்கேயே இருக்கலாம். ஆகாவிட்டால் நான் வேலூரில் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும், இவள் ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். தம்பி போனில் கேட்டபடியே இருந்தான், "இன்னாக்கா முடிவு பண்ணே?" என்று. நான் என்ன முடிவு பண்ண? எங்கே உட்கார வைத்தாலும் உட்கார்ந்திருப்பேன். இவளுக்குத்தான் முகம் சுண்டிப் போயிருந்தது. "ஒத்தையா நீ அங்க, ஒத்தையா நான் இங்க. வேணாம்மா" என்றாள். ஒரு பெரிய பில்டருக்குப் படம் செய்து கொடுத்தால் நிரந்தரம் ஆகிவிடும் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்களாம்.

அந்தப் படத்தைத்தான் ஒரு லீவு நாளில் வீட்டில் செய்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூனா குளிர்காலத்துப் பட்டாணி தெரியுமா, பச்சையாகவே தின்னலாம், அவ்வளவு இனிப்பு. அன்றைக்கு வாயில் போட்டேன், ருசியே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற திரையில் ஒரு கட்டிடம். வாசல், பால்கனி, கம்பி எல்லாம் இருந்தது. அது சுற்றியது. இடமாகச் சுற்றியது.

"இன்னாடி இது, புது வூட்ட இடமா சுத்த வுடற?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு நானாகப் பேசியது அது. அவள் நாற்காலியோடு திரும்பிவிட்டாள்.

"வூடு சுத்தலம்மா. கேமராதான் சுத்துது. அதுவும் வலமாத்தான் போவுது."

"கேமரா எங்க கீது?"

"கண்ணுக்குத் தெரியாது. அது இருக்கிற எடத்துலருந்துதான் நாம பாக்கறோம்."

"புடிச்சிருக்கிற ஆளு?"

"ஆளே இல்ல. கண்ணு மட்டும்தான்."

மவுஸை என் கையில் கொடுத்தாள். அதில் ஒரு சின்னச் சக்கரம். உருட்டினால் கிட்டே போகலாம், திருப்பி உருட்டினால் தள்ளிப் போகலாம். அழுத்திக்கொண்டு நகர்த்தினால் பக்கவாட்டில் போகலாம். கீபோர்டில் ஒரு கட்டையையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி வரலாம். நான் உருட்டினேன். உருட்டிக்கொண்டே இருந்தேன்.

"அரே அம்மா! பஸ், பஸ், போதும்! செவுத்துக்குள்ள பூந்துட்ட!"

கதவைத் திறக்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை, யாரோ வீட்டு அடுப்படி நடுவில் நிற்கிறேன். உடம்பு இல்லை, கண் மட்டும். அவரும் இப்போது இப்படித்தான் எங்காவது சுவருக்குள் புகுந்து பார்த்துக்கொண்டிருப்பாரோ என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. மவுஸை வைத்துவிட்டுப் பட்டாணியை எடுத்துக்கொண்டேன்.

அவள் விடவில்லை. குக்கரைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள்.

"இப்ப இத வலமா சுத்து. கைப்பிடியையே பாரு. தரைய பாக்காத."

சுற்றினேன். சாம்பார் வைக்கிற குக்கருக்குப் பிரதட்சணம்! பக்கத்து வீட்டு மாவ்ஷி பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாளோ.

"கைப்பிடி எப்படிப் போவுது?"

"இடமாத்தான் போவுது."

"நீ?"

"நான் எங்கடி போனேன்?" என்றேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, குக்கரை எடுத்து உள்ளே வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். படத்தைப் பார்க்கப் பில்டர் தன் ஆயியையும் அழைத்து வந்திருக்கிறார். அவர்கள் வீட்டில் பெற்ற ஆயி பார்த்துச் சொல்லாமல் ஒன்றும் நடக்காதாம். படம் ஓடியதும் அந்த ஆயி கேட்டிருக்கிறாள்: "உல்ட்டி பிரதக்ஷிணா காய் ரே?" என்னடா, இடமாகச் சுற்றுகிறதே என்று.

"அந்த ஆயியும் உன்ன மாதிரியேதாம்மா. எவ்ளோ சொன்னேன், கேக்கலியே. வெள்ளிக்கெழம சரி பண்ணிக் காட்டலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"அப்ப திருப்பி வுட்டுடேன்."

திருப்பிவிட்டாள். இப்போது கட்டிடம் வலமாகச் சுற்றியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"பாரு, இதான் லட்சணம்."

"ஆனா இப்ப நாம நெசமாவே இடமா போறோம்மா" என்றாள்.

வாய்க்கரிசியோடு சுற்றிய அந்தச் சுற்று. "வேணாம், நிறுத்து" என்றேன். அவள் நிறுத்தினாள். வலமாகப் போனால் இடமாகத் தெரிகிறது, இடமாகப் போனால் வலமாகத் தெரிகிறது. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வியாழக்கிழமை பிம்ப்ரி பக்கம் கரெண்ட் இருக்காது, அவள் ஆபீஸுக்கு அன்றுதான் லீவு. பென்ஷன் விஷயமாக சிவாஜிநகர் போகக் கட்கியில் லோக்கலில் ஏறினோம். ஜன்னல் ஓரத்து சீட்டு எனக்கு. பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு வண்டி நின்றது. கொஞ்ச நேரத்தில் மெல்ல நகர ஆரம்பித்தோம்.

"கெளம்பிடுச்சு" என்றேன்.

"நாம இல்லம்மா, அந்த வண்டிதான் கெளம்புது. இந்தாண்ட தூணப் பாரு."

பார்த்தேன். எங்கள் பிளாட்பாரத்துத் தூண், அதில் ஒட்டிய கிழிந்த போஸ்டர், அடியில் கூடைக்காரி எல்லாம் அப்படியே இருந்தது. நாங்கள் நகரவே இல்லை. மகளைத் திரும்பிப் பார்த்தால் அவள் வாயைத் திறந்தபடி தூணையே பார்க்கிறாள்.

"அம்மா! வெள்ளையா வுட்டுட்டேம்மா. வூட்ட சுத்தி ஒண்ணுமே இல்ல. தூணு இல்லன்னா எப்படித் தெரியும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிவாஜிநகர் வரை கையில் ஏதோ கிறுக்குவதுபோல விரலை ஆட்டிக்கொண்டே வந்தாள். திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கட்டிடத்தைச் சுற்றி மண் போட்டாள், ரோடு போட்டாள், காம்பவுண்டு சுவர், ஒரு அரசமரம், நாலைந்து ஸ்கூட்டர். பழையபடியே வலமாகச் சுற்ற விட்டாள். மரம் கிட்டே வந்து தாண்டிப் போனது, ஸ்கூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. வீடு பேசாமல் தன் இடத்தில் நின்றது.

"இப்ப யாரு சுத்தறது?"

"நாமதான்" என்றேன். கொஞ்சம் கழித்து, "ஸ்கூட்டர் ரொம்பப் புதுசா கீது. எந்த பில்டிங்குல கீது அப்படி?" என்றேன். அவள் ஒரு ஸ்கூட்டருக்கு அழுக்கு பூசினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேடா டப்பாவோடு வந்தாள். படம் முடியும்போது அந்த ஆயி மகனிடம், "ஆதா ஆபண் சால்லோ" என்றாளாம். இப்போது நாம் நடக்கிறோம் என்று அர்த்தம். வேலை நிரந்தரம். எனக்கு ஒரு பேடாவை ஊட்டிவிட்டு மகள் அழுதாள். நான் மென்றேன். இனிப்பு இருப்பது மட்டும் தெரிந்தது. ஏலக்காய் போட்டிருந்தார்களா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிம்ப்ரியில் இரண்டு ரூம் வீடு பிடித்தோம். காலி செய்கிற அன்று டெம்போவின் பின்பக்கம், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். "முன்னாடி உக்காரும்மா" என்றாள், கேட்கவில்லை. டெம்போ கிளம்பியது. குவார்ட்டர்ஸ் கதவு தள்ளிப் போனது. அது பாட்டுக்கு என்னை விட்டுப் போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் பாயோடு சுற்றியதைப் பார்த்த மாதிரியே. அப்புறம் பக்கத்து வேப்பமரத்தைப் பார்த்தேன். கம்பத்தைப் பார்த்தேன். மாவ்ஷி வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. போவது நான்தான்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். அதற்குள் முன்னாலிருந்து மகள் கத்தினாள்.

"அம்மா! குக்கர் வெயிட்ட எடுத்தியா?"

முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். கனமாக இருந்தது.

"எடுத்துட்டேன்டி" என்றேன்.